பச்சைப் புள்ளி

கண்ணு,

சேலத்து ஆபீசில் உட்கார்ந்து, கம்ப்யூட்டருக்குள் பொய் வெள்ளம் விட்டு, எந்த மலைக்கிராமத்தில் யாருக்கு நோய் வரும் என்று பார்க்கிறீர்களாமே! எட்டாவது வரை படித்த நான் ஓடையை ஒருமுறை முகர்ந்தாலே சொல்லிவிடுவேன். மழையே என்னிடம் சொல்லிவிட்டுத்தான் சேர்வராயன் மலையில் இறங்கும்.

உங்கள் வரைபடத்தில் நம் ஊர் பச்சைப் புள்ளி, ஆபத்தே இல்லையாம். போன வாரம் நிஜ வெள்ளம் வந்து ஊற்றுக்குள் சேற்றைத் தள்ளியது. இன்று பதினோரு வீட்டில் பேதி.

ஒண்டிக்கடை ஆஸ்பத்திரி வரை நடந்துபோய் நர்ஸம்மாவிடம் மருந்து வண்டி கேட்டேன். "சிவப்புப் புள்ளி ஊருக்குத்தானுங்க வண்டி முதல்ல போகுது. உங்கூர்ல எல்லாரும் தண்ணியக் காய்ச்சித்தான் குடிக்கிறீங்கன்னு கம்ப்யூட்டர் சொல்லுதுங்க" என்றார். மூளையில்லாத பெட்டி!

வீட்டுக்கு வந்து அதைத் திட்டித் தீர்த்தேன். மூன்று நாளாகப் பாயைவிட்டு எழாத உன் சித்தி, கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "ஏனுங்க, கணக்கெடுக்க வந்த புள்ளைங்ககிட்ட, காய்ச்சாத தண்ணி எங்கூர்ல நாய்கூடக் குடிக்காதுன்னு பீத்திக்கிட்டது யாருங்க?"

சொன்னேன்தான். என் பேச்சை இந்த ஊரில் யாரும் நம்புவதில்லை. உங்கள் பெட்டி நம்பியிருக்கிறது, அதற்கு ஒரு படிப்பு வேறு! சொன்னதையெல்லாம் அழி. ஊற்றுத் தண்ணீரை அப்படியே குடிக்கிறோம் என்று எழுது. புள்ளி சிவப்பானதும் வண்டியை அனுப்பச் சொல். இன்று அவளுக்குக் கஞ்சிகூட இறங்கவில்லை. இதில் நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை, சாமி.

உன் சித்தப்பா