அறுபது பேரைக் காக்க வைத்த சீலைக் கதை

மச்சாள்,

இன்று காலை பீல் பழைய பட்டணத்துச் சந்தைக்குப் போனேன். நாலு மாதமாய் அந்தப் பக்கம் போகாமல் சுற்றித் திரிந்தவள், லீக்ஸ் வாங்கவென்று போய் காய்ந்த அப்பிளின் வாசத்திலே அகப்பட்டுக்கொண்டேன். புளிப்பும் இனிப்பும் விறகுப் புகையுமாய் ஒரு வாசம், உமக்குத் தெரியுமே. அப்பிள்காரி லீடியா வழமைபோலத் தலையிலே அந்தக் கறுப்புப் புள்ளித் துண்டோடு தன் மேசைக்குப் பின்னால் நின்றாள். என்னைக் கண்டதும் தட்டை வைத்துவிட்டு, எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"மற்றவா எங்கை?"

நீர் போன செய்தியை எத்தனையோ பேருக்குச் சொல்லிவிட்டேன். டொச்சிலே, இந்தச் சுவிஸ் ஜேர்மன் பாஷையிலே, சொல்ல நேர்ந்தது இன்றைக்குத்தான். அந்தப் பாஷையிலே அதற்கு ஒரு சின்னச் சொல்தான் இருக்கிறது, சொன்ன உடனே முடிந்துபோகிறது. லீடியா மேசையைச் சுற்றி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் அழவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. பிடித்தபடியே நின்றாள்.

வீட்டுக்கு வந்து பேத்தியின் பழைய கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் அஞ்சாம் வகுப்பு, நீர் எட்டு. அந்த மூன்று வகுப்பை வைத்துக்கொண்டு நீர் என்னை ஆட்டின ஆட்டம்! பிழை இருந்தால் திருத்தாமல் வாசியும். கொப்பிக்காரி லோசானிலே எஞ்சினியருக்குப் படிக்கிறாள் என்பதையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் இது நான் எழுதின கடிதம் இல்லை என்பீர்.

சந்தையிலே லீடியாவைப் பிடித்தது நீர்தான். நான் முப்பது வருடம் மணிக்கூட்டுத் தொழிற்சாலையிலே பட்டி பூட்டியும் பக்கத்து மேசைக்காரியின் பெயர் தெரியாமல் வந்தவள். நீர் பஸ்சுக்கு நிற்கிற நேரத்துக்குள்ளே ஒருத்தியின் குடும்பக் கதை முழுவதையும் கேட்டுவிடுவீர். "மச்சாள், உவள் லீடியா மலையிலை இருக்கிறாளாம். அறுபது பேராம். ஒருத்தருக்கும் சொந்தமாய் ஒண்டும் இல்லையாம். அப்பிள் வெட்டுற நாளைக்கு எங்களை வரட்டாம்" என்றீர். "அறுபது பேரோ? ஒரு குசினியோ? ஒரு கிழமையிலை கொலை விழும்" என்றேன் நான்.

அப்போது எங்கள் இருவருக்கும் இடையிலே என்ன கிடந்தது என்று எழுதத்தான் வேண்டும். உம்முடைய கட்டிடத்தை இடித்துக் கட்டப் போகிறோம், பங்குனி முடிய வெளிக்கிடுங்கள் என்று கடிதம் வந்திருந்தது. லண்டனிலே இருந்து மகன் ஒவ்வொரு ஞாயிறும் "வாங்கோ அம்மா" என்கிறான். உமக்குப் பீலை விட மனமில்லை. வீடு தேடி அலைகிறீர், தனியாய் இருக்கிற வயதுபோன பொம்பிளைக்கு ஆர் வீடு கொடுக்கிறான்? என் வீட்டிலேயோ என் மனுசன், உம்முடைய அண்ணை, போன பிறகு ஒரு அறை பூட்டிக் கிடந்தது. நான் "வாரும்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். நீர் கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை.

காரணம் ஒரு சீலை. உம்முடைய மகனின் கலியாணத்துக்கு நான் சூரிச்சிலே நாலு கடை ஏறி இறங்கி எடுத்த மாம்பழ மஞ்சள் காஞ்சிபுரம். கலியாணத்துக்கு நீர் அதைக் கட்டவில்லை. பிறகு கட்டுவீர் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருடக் கோயில் திருவிழாவிலே அந்தச் சீலை வேறொருத்தியின் உடம்பிலே தேருக்குப் பின்னால் நடந்து வருகிறது! கரையிலே இருந்த அன்னத்தைக் கூட நான் அடையாளம் கண்டேன். உம்மிடம் ஒரு சொல் கேட்கவில்லை. பதினொரு வருடம் உம்மோடு பஸ் நேரமும் மரக்கறி விலையும் மட்டும் கதைத்தேன்.

ரயிலாலே இறங்கி, மஞ்சள் போஸ்ட் பஸ் ஏறி, ஐப்பசிக் குளிரிலே அந்த மலைக்குப் போனோம். கீழே எல்லாம் பிரெஞ்சு. மேலே போனால் அந்தச் சனம் எங்களைப் போலவே பேர்ன் டொச் கதைக்கிறது. லீடியா சொன்னாள்: பெரியாளாய் வளர்ந்து தானே விரும்பி எடுப்பதுதான் ஞானஸ்நானம் என்று சொன்னதற்காக அவர்களுடைய முன்னோரை அந்தக் காலத்து ஆட்சிக்காரர் ஆற்றிலே அமிழ்த்திக் கொன்றார்களாம், மிச்சப் பேரை மலை உச்சிக்குக் கலைத்தார்களாம். அதே நம்பிக்கைக்காரரிலே ஹட்டரைட் என்று ஒரு பகுதி கனடாவிலே இருக்கிறது. நூறு பேர் ஒரு ஊர், ஒரே வயல், ஒரே சமையல், ஒரே பணப்பெட்டி. லீடியாவின் தாய் தகப்பன் இளவயதிலே போய் அவர்களோடு இருந்து, அந்த வாழ்க்கையை இங்கே கொண்டுவந்தவர்கள். "அப்ப நீங்களும் எங்களை மாதிரி ஓடிவந்த சனம்தான்" என்று நீர் சொன்னதும் அவள் உம்முடைய முதுகிலே ஒரு தட்டுத் தட்டினாள்.

அன்றைக்கு நான் கண்டதை நீரும் கண்டீர், ஆனாலும் சொல்ல ஆசையாய் இருக்கிறது. நான் குளிக்கலாம் போலப் பெரிய பானைகள். கிழமைக்கு இரண்டு பெண்கள் சமையல், அடுத்த கிழமை வேறு இருவர், ஆரோடு ஆர் என்று தெரிவு செய்ய முடியாது. நீளமான மேசையைச் சுற்றி இருபது பெண்கள் கத்தியோடு இருந்து பாடிப்பாடி அப்பிள் சீவினார்கள். தோல் ஒரு கூடைக்கு, துண்டு ஒரு கூடைக்கு. கண்ணை எடுக்க முடியவில்லை எனக்கு. பிறகுதான் என்ன குறைகிறது என்று பிடிபட்டது: அந்த இருபது பேரிலே ஒருத்தியிடமும் கைப்பை இல்லை. நான் என்னுடையதை மடியிலே இறுக்கிக்கொண்டு இருந்தேன்.

"அதைக் கீழை வையும் மச்சாள், ஒருத்தரும் எடாயினம்" என்றீர்.

"எடுத்தால்?"

"எடுத்தாலும் கொண்டுபோய் வைக்க அவையிட்டை இடம் இல்லையே!"

லீடியாவிடம் கேட்டேன், உனக்கென்று என்ன இருக்கிறது என்று. யோசித்துப் பார்த்துவிட்டு, "பல்லுத் தீட்டுற பிறஷ்" என்றாள். புதுச் சப்பாத்து வேண்டுமென்றால் ஆரைக் கேட்பாய் என்றேன். கேட்பதில்லையாம். சப்பாத்துக்குப் பொறுப்பாய் ஒருத்தி இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஆராதனைக்கு நடக்கும்போது அவள் கடைசியாய் நடப்பாளாம், ஆருடைய குதி தேய்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டு. திங்கட்கிழமை கதவடியிலே சப்பாத்து இருக்குமாம்.

மச்சாள், அதைக் கேட்டதும் நான் குனிந்து உம்முடைய சப்பாத்தைப் பார்த்தேன். கேட்பது எவ்வளவு பெரிய வெட்கம் என்று நாங்கள் இருவரும் அறிவோம். அங்கே ஒருத்தரையும் கேட்கும்வரை விடுவதில்லை. நானோ உம்முடைய தேய்ந்த குதியைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்து வந்தவள்.

அப்படியும் அன்றைக்கு "வாரும்" என்று சொல்லவில்லை. வரும்போது லீடியாவுக்கென்று வாங்கிப்போன கருநீலக் கம்பளிச் சால்வையை அவளுடைய தோளிலே நானே போர்த்திவிட்டுப் பெருமையோடு பஸ் ஏறினேன்.

மாசியிலே இன்னொரு தரம் கூப்பிட்டாள். முழங்கால் வரை பனி. உள்ளே போனால், சக்கர நாற்காலியிலே இருந்த ஒரு கிழவியின் தோளிலே என் சால்வை. என் முகம் போன போக்கை நீர் கண்டீர், லீடியா காணவில்லை. அவள் சந்தோஷமாய்ச் சொல்கிறாள்: "நீங்கள் தந்தது நல்லாய்ச் சுத்துது. முதல் பால் கறக்கிற ஹன்னா போட்டவள். பிறகு இருமல்காரி ஒருத்தி. இப்ப மரியா, அவவுக்குத்தான் இப்ப கூடக் குளிர்."

நான் உம்முடைய காதுக்குள்ளே, "ஒருத்தர் ஆசையாய்க் குடுத்ததை இப்பிடித் தூக்கிக் குடுக்கிறதோ?" என்றேன். நீர் சிரிக்கத் தொடங்கினீர். பாதியிலே நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்த்தீர். அந்தப் பார்வையிலே, நான் சால்வையைச் சொல்லவில்லை என்பது உமக்கு விளங்கிவிட்டது என்று கண்டேன்.

"என்ன, ஏதும் பிழையோ?" லீடியா கேட்டாள்.

"என்ரை மச்சாளுக்குக் கோவம்" என்றீர் டொச்சிலே. எனக்கு நிலம் பிளந்தால் நல்லது போல இருந்தது.

"என்னிலையோ?"

"இல்லை. என்னிலை."

லீடியா ஒன்றும் துருவவில்லை. அறுபது பேர் சேர்ந்து இருந்தால் சண்டை வரும், அதற்காகத்தான் தங்களிடம் இந்த ஒரு சட்டம் என்றாள்: மனதிலே ஒருவர்மேல் ஏதும் இருந்தால் அவரிடமே போய்ச் சொல்ல வேண்டும், வேறு ஒருவரிடமும் சொல்லக் கூடாது, சொல்லி முடிக்காமல் சாப்பாட்டுக்கு இருக்கக் கூடாது. "மணி அடிக்க இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு" என்று எங்களைச் சப்பாத்துகள் அடுக்கியிருந்த பின் நடைக்குள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "அந்த மாம்பழ மஞ்சள் சீலை."

"ஒரு மாதிரிச் சொல்லிப்போட்டீர்!" என்றீர். "பதினொரு வருஷம் எடுத்துது!"

"நாலு கடை ஏறி எடுத்தனான்."

"மச்சாள், அதைக் கட்டினவள் அகதி முகாமிலையிருந்து அப்பதான் வந்தவள். மகளின்ரை கலியாண எழுத்துக்கு உடுக்க ஒண்டும் இல்லை எண்டு வந்து நிண்டாள். பெட்டியைத் திறந்தன். ஆகத் திறம் உம்மடை சீலைதான்."

"ஒரு பழசைக் குடுத்திருக்கலாமே."

"பழசைக் குடுத்தால் அவள் சபையிலை பழசு கட்டின தாயாய் எல்லோ நிப்பாள்?" பிறகு, "இன்னொண்டும் இருக்கு, கோவிக்கக் கூடாது" என்றீர். "அந்த மஞ்சளைக் கட்டிக்கொண்டு நான் ரோட்டிலை நிண்டால், போஸ்ட் பஸ் வருது எண்டு சனம் கை காட்டும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் நீர் சிரிக்கவில்லை. "இப்ப என்ரை முறை" என்றீர். "அந்தச் சீலைக் கதை பீலிலை ஆருக்குத் தெரியாது? மீன்கடையிலை சொன்னீர். கோயிலிலை சொன்னீர். என்ரை மருமகளுக்கே சொன்னீர். எனக்கு மட்டும் சொல்லேல்லை. ஒவ்வொருத்தியும் வந்து எனக்குச் சொல்லேக்கை, என்ரை அண்ணைன்ரை பெஞ்சாதிக்கு நான் ஆர் எண்டு யோசிச்சுப்போட்டுப் பேசாமல் இருந்தனான்."

மணி அடித்தது. நீர் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தீர், நான் பிழை என்னிலைதான் என்று சொல்ல வாய் எடுத்து எடுத்து விட்டுக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. கடைசியிலே சொன்னேன். ஐந்தாறு சொல்தான். வாழ்க்கையிலே அவ்வளவு பாரம் நான் தூக்கினதில்லை.

கதவைத் திறந்து சாப்பாட்டு மண்டபத்துக்குள் போனால், மச்சாள், இப்பவும் எனக்கு மயிர் கூச்செறிகிறது. ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள், பிள்ளைகள், அறுபது பேரும் நீள வாங்குகளுக்குப் பின்னால் கை கட்டி நின்றுகொண்டிருந்தார்கள். சூப் ஆறிப்போய் மேலே ஆடை படிந்திருந்தது. ஒருத்தரும் இருக்கவில்லை. ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. சக்கர நாற்காலிக் கிழவி கூடக் கரண்டியைத் தொடவில்லை. செபம் சொல்லுகிற வயதான மனிதர் எங்களைப் பார்த்து, "சரி வந்ததோ?" என்று மட்டும் கேட்டார். "ஓம்" என்று நீர் தமிழிலேயே சொன்னீர். அவர் தலையை ஆட்டிவிட்டுச் செபம் தொடங்கினார்.

எங்கேயோ பிறந்த இரண்டு பேருடைய ஒரு சீலைக் கதைக்காக அறுபது பேர் பசியோடு நின்றார்கள். கோயில்களிலே எவ்வளவோ கும்பிட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்த ஆறின சூப்புக்கு முன்னால்தான் என் கை தன்பாட்டிலே கூப்பிக்கொண்டது.

சாப்பாட்டிலே கதைக்கக் கூடாதாம். நான் கதைத்தேன். "என்ரை அறை சும்மா கிடக்கு. வாரும்."

நீர் கரண்டியை வைக்காமல், "அடுப்பு ஆற்றை பொறுப்பு?" என்றீர்.

"கிழமை மாறிக் கிழமை."

"அப்ப வாறன்."

இரண்டரை வருடம் இருந்தீர். லீடியாவின் சட்டத்தை எங்கள் வீட்டிலும் போட்டோம். இல்லாத ஆக்களைப் பற்றிக் கதைக்காமல் இரண்டு நாள் வீடு செத்த வீடு போலக் கிடந்தது. மூன்றாம் நாள் நீர்தான் வழி கண்டுபிடித்தீர்: "சீரியலிலை வாற ஆக்களைக் கதைக்கலாம் மச்சாள், அவை உண்மையிலை இல்லாத ஆக்கள்தானே." உம்முடைய கிழமையிலே கறியிலே உப்புக் கூடினால் அதை உமக்கே சொன்னேன். என் கிழமையிலே நீர் சொல்லாத நாளே இல்லை. ஆனால் சாப்பாட்டுக்கு இருக்க முன்னம் எல்லாம் சொல்லி முடிந்திருக்கும்.

ஒன்று மட்டும் முடியவில்லை. அதற்காகத்தான் இந்தக் கொப்பி.

ஆஸ்பத்திரியிலே அன்றைக்குப் பின்னேரம், நான் வெளிக்கிட எழும்பும்போது நீர் கேட்டீர்: "நான் லண்டனுக்குப் போயிருந்தால் உமக்குக் கரைச்சல் இல்லாமல் இருந்திருக்கும், என்ன?" நான் எங்கள் வழக்கப்படி, "ஓம், அடுப்பாவது முழுக்க என்னட்டை இருந்திருக்கும்" என்றேன். நீர் சிரித்தீர். காலமை வந்து உண்மையைச் சொல்லுவோம் என்று பஸ் ஏறினேன். காலமை நான் போக முன்னமே, நீர் போய்விட்டீர் என்று அவர்கள் தொலைபேசி எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு மகளோடும் மருமகனோடும் மனதிலே ஏதும் தைத்தால், சோற்றைப் போட்டு வைத்துவிட்டு முதலிலே தொலைபேசி எடுக்கிறேன். "அம்மா, சாப்பிட்டுட்டுச் சண்டை பிடியுங்கோவன்" என்று மகள் சிரிக்கிறாள். அந்தப் பழக்கம் இனி என்னை விட்டுப் போகாது, உம்மோடு சேர்ந்து பிடித்த பழக்கம்.

ஆனால் உமக்குச் சொல்ல வேண்டியதை நாலு மாதமாய் வைத்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறேன். மகளுக்குச் சொல்லவில்லை. இன்று சந்தையிலே லீடியா கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும் வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன். முதலிலே உமக்குச் சொல்ல வேண்டும்.

மச்சாள், நீர் லண்டனுக்குப் போகாதது என் அதிர்ஷ்டம். அண்ணை போன பிறகு நான் அந்த வீட்டிலே குடியிருந்தேன், அவ்வளவுதான். நீர் பெட்டியோடு வந்து, வந்த அன்றைக்கே என் மிளகாய்த்தூள் போத்தலை மணந்து பார்த்து முகத்தைச் சுளித்தீரே, அந்த நிமிஷத்திலே இருந்துதான் நான் அங்கே வாழ்ந்தேன்.