வடக்குத் தூணில் ஒரு மீன்

பென்வேர்ன், வேல்ஸ்
பிப்ரவரி 9

அன்பு மகள் நெஸ்டுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், முழங்கால் மட்டும் தன் இஷ்டப்படி நலம். ஆஸ்திரேலியாவில் வெயில் கொளுத்துகிறதாமே, குழந்தையைத் தொப்பி இல்லாமல் வெளியே விடாதே. அம்மாவின் கல்லறையில் வெள்ளைப் பூக்கள் தலைகாட்டிவிட்டன, போன வாரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டும் சனிக்கிழமை நடையை நான் விடவில்லை. வழக்கம்போலக் கோட்டை வாசலில் ஆரம்பித்து, அகழியைச் சுற்றி, தேவாலயத்தில் முடிப்பது. இந்த வாரம் பதினோரு பேர், அதில் ஹாலட் என்று ஓர் ஆராய்ச்சிக்கார அம்மாள். அந்தக் காலத்துக் கல்தச்சர்கள் தங்கள் கல் என்று தெரிவதற்காகச் செதுக்கிய குறிகளையெல்லாம் ஊர் ஊராகப் படமெடுத்துப் புத்தகம் போடுகிறாராம். தேவாலயத்து வடக்குத் தூணில் இருக்கிற மீனைப் பார்த்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார், "இந்த மாதிரி ஒண்ணை நான் எங்கயுமே பார்த்ததில்லைங்க, யாருங்க இவன்?" என்று கேட்டார். எங்கே பார்த்திருப்பார்? ஒன்பது வயதில் என்னோடு நடந்து நடந்து சலித்துப்போய் நீ ஆணியால் கீறியதல்லவா அது!

நீ கீறிய அன்றைக்கே பாதிரியாரிடம் சொல்லியிருக்க வேண்டும். உனக்குத் திட்டு விழுமே என்று மறைத்தேன். மறுவாரம் யாரோ கேட்டபோது, பேர் தெரியாத கல்தச்சன், வேலையை முடித்துவிட்டுத் தூர தேசம் போய்விட்டான் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன். நீ நிஜமாகவே போன பிறகு அதைச் சொல்வது எனக்குப் பிடித்துப்போய்விட்டது கண்ணு, வாரத்துக்கு ஒருவராவது உன்னைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள் அல்லவா.

ஆனால் புத்தகத்தில் பொய் ஏறக் கூடாது. அந்தப் பதினோரு பேர் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிட்டேன். ஹாலட் அம்மாள் எழுதியதை அடித்துவிட்டு, "உங்க பொண்ணுக்கு நல்ல கைங்க" என்று மட்டும் சொன்னார். சத்தம் கேட்டு வந்த எலுனெட் பாதிரியாரம்மாதான் காது வரை சிவந்து, "இருபத்திரண்டு வருஷமாவா, இட்வால்? எங்க அக்காவைக் கூட்டிட்டு வந்து அந்த மீனைத் தொட்டுக் கும்பிடாத குறையா நின்னேனே!" என்று கத்தினார், அப்புறம் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்தாலும் முடிவு முடிவுதான். இனிமேல் எனக்குக் கோட்டை மட்டும், தேவாலயத்துக்குள் வேறொருவர் அழைத்துப்போவார். கீறலைச் சுண்ணாம்புக் கலவை வைத்து அடைத்துவிடுவார்கள். நியாயம்தான் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து அழுதேன்.

நாலு வருஷமாக நீ வரவில்லை என்று குத்திக்காட்ட இதை எழுதவில்லை. வேலை, குழந்தை, தூரம், எல்லாம் எனக்குத் தெரியும். நேரத்துக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழ வேண்டும், கடவுள் உங்கள் பக்கம் இருப்பார்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள். குளிரில் சுண்ணாம்பு பிடிக்காதாம், ஏப்ரலுக்கு முன்னால் கை வைக்க மாட்டேன் என்று கொத்தனார் சொல்லிவிட்டார். அதற்குள் ஒரு தடவை வாயேன் அம்மா.

உன் அப்பா,
இட்வால்