நகரத்திலேயே சுத்தமான கழிப்பறை

அன்புள்ள மகனுக்கு,

எல்லோரும் நலம் என்று எழுதிவிட்டு ஆரம்பிப்பதுதான் முறை. நான் நலம். அப்பாவைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லலாமே என்று நினைப்பாய். இரண்டு அறை வீட்டில் நான் போனில் பேசினால் அவர் காதில் விழாமல் இருக்குமா? அவர் மதியம் கண்ணயரும் நேரம் பார்த்து எழுதுகிறேன்.

நீ போன வாரம் அனுப்பிய செய்தியைப் படித்தேன். நம் கடைத்தெருவில் முதியோருக்கென்று கட்டிய கழிப்பறையின் படத்தை நீ வேலை பார்க்கிற கட்டிட ஆபீஸில் பெரிய திரையில் போட்டுக் காட்டினார்களாம். வயதானவர்கள் நிம்மதியாக வாழ ஒரு நகரம் இப்படி இருக்க வேண்டும் என்றார்களாம். எங்கள் ஊர் என்று சொல்லிக்கொள்ள உனக்குப் பெருமையாக இருந்ததாம். படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். உன்மேல் கோபம் இல்லை. படத்தைப் பார்த்தால் யாரும் ஏமாறத்தான் செய்வார்கள்.

கட்டிடத்தைக் குறை சொல்ல முடியாது. சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சரிவுப் பாதை, பிடித்துக்கொண்டு எழுந்திருக்கக் கம்பி, வழுக்காத தரை, எல்லாம் இருக்கிறது. திறப்பு விழாவுக்கு மேயர் வந்தார். ரிப்பனை வெட்டினார், உள்ளே போய்க் குழாயைத் திருகிப் பார்த்தார், கைதட்டலை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்று சாயங்காலமே பூட்டு தொங்கியது. திறந்து வைத்தால் ஜனங்கள் அசிங்கப்படுத்திவிடுவார்களாம். சாவி எதிரே இருக்கிற வார்டு ஆபீஸில், இரண்டாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. மேலே ஏறி, வயதைக் காட்டும் அட்டையை நீட்டி, சாவியை வாங்கிக்கொண்டு இறங்கி வரவேண்டும். அவ்வளவு பார்த்துப் பார்த்துக் கட்டியவர்களுக்கு, மாடி ஏற முடிந்தவனுக்கு எதற்கடா சரிவுப் பாதை என்று யோசிக்கத் தோன்றவில்லை. இந்த வருடம் நகரத்திலேயே சுத்தமான கழிப்பறை என்று அதற்குப் பரிசு வேறு கொடுத்திருக்கிறார்கள். சுத்தமாக இல்லாமல் என்ன செய்யும்? ஈ காக்கை உள்ளே போனதில்லை.

உன் அப்பாவை உனக்குத் தெரியும். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். டெப்போ வரும்வரை அடக்கிக்கொண்டே பழகியவர், அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வார். சுவரோரம் ஒதுங்குகிறவர்களைக் கண்டால் ஹாரனை அடித்துத் துரத்துவார். இப்போது சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கிற சுரப்பி வீங்கி மாத்திரை சாப்பிடுகிறார். வந்துவிட்டால் தாங்க முடியாது என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். இருந்தாலும் தினமும் காலையில் முடிதிருத்தும் கடைக்குப் போய்ப் பேப்பர் படித்து, கடைக்காரரோடு அரசியல் சண்டை போட்டுவிட்டு வந்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

ஒருநாள் அங்கிருந்து திரும்பும்போது அவசரம். சுவரோரம் போக மனம் வரவில்லை. மாடி ஏறிப் போய்ச் சாவி கேட்டிருக்கிறார். அட்டையோ வீட்டில் இன்னொரு சட்டைப் பையில் இருந்துவிட்டது. மேஜைக்குப் பின்னால் இருந்தவர், "பெரியவரே, அட்டை இல்லாம குடுத்தா என் வேலை போயிடும்" என்றாராம். வாய் நிறையப் பெரியவரே என்று கூப்பிட்டுவிட்டு, நீ பெரியவர்தான் என்பதற்கு அத்தாட்சி கேட்கிறான் பார். தலை முழுக்க நரைத்த மனிதர் கையைக் கட்டிக்கொண்டு நின்று கெஞ்சியிருக்கிறார். இறங்கும்போது படியிலேயே ஆகிவிட்டது. வரி கட்டப் படிவரை வரிசையில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்களாம், ஒருத்தர் சிரித்தாராம்.

இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. அன்று வந்ததும் பேன்ட்டைத் தானே துவைத்தார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு கைக்குட்டை நனைத்து அறியாத மனிதர். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. நடந்ததை அப்படியே வந்து ஒப்பித்தவள், நாங்கள் ரேடியோ என்று கூப்பிடும் கீழ்வீட்டுக்காரி. அவள் அந்த வரிசையில்தான் நின்றிருந்தாள்.

உன்னிடம் முட்டிவலி, அதனால் வெளியே போவதில்லை என்கிறாரே, அது பொய். முட்டி நன்றாகத்தான் இருக்கிறது. வெளியே போவதை விட்டுவிட்டார். அது போகட்டும், தண்ணீர் குடிப்பதையும் விட்டுவிட்டார். மாத்திரை விழுங்க ஒரு வாய், அவ்வளவுதான். தண்ணீர் குடித்தால்தானே தொல்லை என்கிறார். போன வாரம் காய்ச்சல் வந்து டாக்டரிடம் அழைத்துப் போனேன். சிறுநீரில் கிருமி இருக்கிறது, இப்படியே விட்டால் சிறுநீரகம் போய்விடும் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நானும் கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், மோரில் இன்னும் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துப் பார்த்தேன். தொடவே இல்லை.

அந்த நேரத்தில்தான் வார்டு ஆபீஸில் முதியோர் கருத்துக் கேட்புக் கூட்டம் என்றார்கள். போனேன். புடவையில் பூ குத்தி முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பாதி நேரம் போட்டோ எடுப்பதிலேயே போனது. கடைசியில் யாராவது பேசுகிறீர்களா என்றதும் எழுந்து மைக்கை வாங்கிக்கொண்டேன். சாவி கொடுக்காததால் உங்கள் மாடிப்படியில் துணி நனைந்து நின்றது நான்தான் என்று சொன்னேன். அவர் பேரை எப்படியடா சொல்வேன்? ரேடியோவும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறக்கவில்லை. அதற்காக அவளை எத்தனை ஜென்மத்துக்கும் மன்னிப்பேன்.

பூட்டை எடுக்கிறோம் என்று ஒருவராவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். ஒரு அதிகாரி என் தோளில் கை வைத்து, "இதுக்கெல்லாம் இப்ப வழி வந்திருச்சும்மா, கவலைப்படாதீங்க" என்றார். மறுநாள் வீட்டுக்கு ஒரு பெட்டி வந்தது. உள்ளே பெரியவர்கள் கட்டிக்கொள்கிற டயப்பர். பெட்டியில் நகராட்சியின் அன்பளிப்பு என்று அச்சடித்திருந்தது. சீ! கதவைத் திறப்பதைவிட ஊர்க் கிழடுகளுக்கெல்லாம் டயப்பர் மாட்டிவிடுவது இவர்களுக்குச் சுலபமாகப் போய்விட்டது.

பெட்டியை வாசலில் வாங்கியது உன் அப்பா. என்னைப் பற்றி ஊரில் சொல்லிவிட்டாயா என்று கேட்டார். முகம் வெளிறிப் போயிருந்தது. இல்லை, எனக்கு நடந்ததாகத்தான் சொன்னேன் என்றேன். பெட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளினார். அப்புறம், "எனக்காக நீ ஏன் அசிங்கப்படணும்?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். முதுகு குலுங்கியதைப் பார்த்தேன். உன் பாட்டி செத்தபோதுகூட அவர் அழவில்லை.

அந்த மாதிரிக் கழிப்பறையை உங்கள் ஆபீஸும் கட்டப்போவதாக எழுதியிருந்தாய். தாராளமாகக் கட்டு. கம்பி வேண்டாம், சரிவுப் பாதைகூட வேண்டாம், தட்டுத் தடுமாறி ஏறிக்கொள்வோம். தாழ்ப்பாள் உள்பக்கம் மட்டும் இருக்கட்டும். வெளியே பூட்டு மாட்ட ஒரு வளையம்கூட வைக்காதே.

நீ நூறு வயது இருக்க வேண்டும் என்று வாழ்த்தத்தான் மனம் வருகிறது. இந்த மாதிரி ஊர்களில் நூறு வயதை வைத்துக்கொண்டு நீ என்ன பாடுபடுவாயோ என்று உடனே பயமும் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூப்பிடு. முட்டிவலி எப்படி இருக்கிறது என்று கேள், அவர் சொல்கிற பொய்யை நம்பு. வார்டு ஆபீஸ் பேச்சை எடுக்காதே, நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே. சும்மா எதையாவது பேசிக்கொண்டிரு. நடுவில், இருங்கப்பா, தாகமா இருக்கு என்று சொல்லி, அவருக்குக் கேட்கிற மாதிரி ஒரு டம்ளர் தண்ணீர் குடி. நீங்களும் குடிங்க என்று சொல். நான் சொன்னால் கேட்காதவர், நீ சொன்னால் கேட்பார். டம்ளரில் ஊற்றி எடுத்துக்கொண்டு நான் பக்கத்திலேயே நிற்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா