அப்பாவுக்கு ஒரு குவளை

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? இத்தாலியில் நான் நலம். குளிர் மட்டும் சொன்னபடி கேட்பதில்லை.

இறந்தோர் சனிக்கிழமையில் அப்பா பெயரால் தானம் கொடுக்க நீங்கள் அனுப்பிய மண்குவளை, விளிம்பு பெயர்ந்து வந்தது. இங்கே கொடுப்பதில்தானே அந்த உலகில் அவர் குடிப்பார்? அடக்கத்துக்குத்தான் வர முடியவில்லை. இதையாவது ஒழுங்காகச் செய்ய நினைத்தேன். பசையில் செங்கல் பொடியைக் குழைத்து அடைத்து, காய்ந்ததும் தேய்த்தேன். விளிம்பு கோணிவிட்டது.

“இதுல குடிச்சா சட்டையெல்லாம் சிந்துமேடி!” என்றாள் அறைத்தோழி ஜெனிகா.

“எங்கப்பா எதுல குடிச்சாலும் சிந்துவாருடி.”

சிரித்தோம். பிறகு அவளே குவளையைத் தானமாக வாங்கிக்கொண்டு, “கடவுள் ஏத்துக்கட்டும்” என்றாள்.

அடுத்த குவளையை அப்பாவின் கம்பளிச் சட்டையில் சுற்றி அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

வேலைக்கு நேரமாகிறது.

உங்கள் மகள்
சவேதா