அத்தை முகத்தை மூடிக்கொண்டாள்

செவ்வாய்க்கிழமை, இரவு

பட்டாசு கம்பெனியில் மருந்து வெடித்து முகம் வெந்த அத்தை, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக "எம் மவனப் பாக்கணும்" என்று அரற்றுகிறாள். துபாயில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரருக்கு லீவு இல்லை. அங்கே நெட்டில் வீடியோ கால் பேசவும் தடை. நம் வீட்டு ரூட்டரில் விபிஎன் போட்டால், தடையைச் சுற்றிக்கொண்டு அதன் வழியாகப் பேசலாம் என்றார். அவர் போனில் சொல்லச் சொல்ல நானே போட்டேன். இரண்டு முறை நெட்டே போய்விட்டது. சாயங்காலம் ஒருவழியாக அவர் முகம் தெரிந்ததும் போனை அத்தையிடம் நீட்டினேன். சட்டென்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஒரு தடவ காட்டும்மா," என்று அவர் அழுதார்.

"வேணாம்லே. நீ சாப்பிட்டியா?" என்றாள்.

அவரும் அவளைப் பார்ப்பார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இப்போதும் போன் அடிக்கிறது. எடுத்து என்ன சொல்ல?