இரண்டு பேர் நடக்கும் வரப்பு

ஆனி 14, சனிக்கிழமை

சாரல் விட்டதும் வயலுக்குப் போனேன். எங்கள் வயலுக்கும் இசக்கி வயலுக்கும் நடுவே இருந்தது ஒற்றை ஆள் நடக்கிற வரப்பு. அதை இரண்டு மடங்கு அகலமாக்கியிருந்தான், அவ்வளவும் அவன் நிலத்திலிருந்தே எடுத்து. ஊரில் மற்றவர்கள் வரப்பைச் சுரண்டத்தான் பார்ப்பார்கள்.

“ஏலே, கிறுக்கா பிடிச்சிருக்கு? ரெண்டு வரிசை நாத்துக்கு இடம் போச்சே!” என்று கத்தினேன்.

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னான்: “ஏட்டி, பள்ளிக்கூடம் போன நாள்லேர்ந்து ஒன் முதுகப் பாத்தே பேசிட்டு வாரேன். இனிமேலாவது பக்கத்துல நடந்து வருவியா?”

சேற்றுக்காலோடு வீட்டுக்கு ஓடி வந்துவிட்டேன். அவன் என்ன நினைத்தானோ! அம்மாவிடம் வேறு சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை எங்கள் வயலில் நடவு. வரப்பை ஒட்டி எங்கள் பக்கமும் ஒரு முழம் விட்டு நடச் சொல்லப்போகிறேன்.