வாதியில் தண்ணீர் பார்க்கப் போனது

ராஸ் அல் கைமா. வெள்ளிக்கிழமை இரவு.

மதியம் எங்கள் ஃபோன்கள் ஒரே நேரத்தில் அலறின. மலையில் கனமழை, வாதி எனப்படும் காட்டாற்றுப் படுகைகளின் பக்கம் போகாதீர்கள் என்று எச்சரிக்கை. அதைப் படித்ததும் என் வீட்டுக்காரர் கார் சாவியை எடுத்தார்.

"கிளம்புங்க, தண்ணி வர்றதப் பாத்துட்டு வந்துரலாம்."

வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல், காய்ந்து கிடந்த வாதிக்குள்ளேயே காரை இறக்கினார். தலைக்கு மேல் நல்ல வெயில். எங்கள் ஏழு வயது மகள் நிலா கூழாங்கல் பொறுக்கினாள். இவர் வீடியோ எடுத்தார். திடீரென்று பழுப்புத் தண்ணீர் பாறைகளை உருட்டிக்கொண்டு வந்தது. கரையில் நின்ற லாரி டிரைவர், "பாபி, ஜல்தி!" அண்ணி, சீக்கிரம் என்று இந்தியில் கத்தினார். நிலாவை இழுத்துக்கொண்டு மேலே ஓடினேன். இவர் எப்படியோ காரைக் கரையேற்றிவிட்டார். அவளுடைய ஒரு செருப்பு போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் வீடியோவை ஃபிளாட் குரூப்பில் போட்டார். அதில் நான் அலறியதை எடுத்துவிட்டுப் பாட்டுச் சேர்த்திருக்கிறார்! கேட்டால், "அதான் ஒண்ணும் ஆகலல்ல, ஏன் கத்துற?" என்கிறார்.

அசந்து தூங்குகிறார். நாளையும் மழை என்று இப்போதுதான் செய்தி வந்தது. அவர் எழுந்து அதைப் படிப்பதற்குள், கார் சாவியை அரிசி டப்பாவின் அடியில் புதைத்துவிட்டேன்.